நம்ம செல்போனில் நிலாவும் நட்சத்திரமும்



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, தவணை என்றே படித்துப் பழகிய இந்தப் பக்கத்தில் நிலாவைப் படம் எடுப்பது பற்றி எதற்கு எழுதுகிறார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் ஆலங்குளம் பகுதியில் நாங்கள் போன ஒரு மாதக்கூட்டத்தில் நடந்த பேச்சுதான் இதை எழுத வைத்தது. (நம்ம ஆலங்குளம்தான். சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் என்று நினைத்துக்கொண்டு அங்கே போய் இறங்கிய அதிகாரிகள் உண்டு என்பதால் சொல்கிறோம்.)

2025 செப்டம்பர் 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு முழு சந்திர கிரகணம் வந்தது ஞாபகம் இருக்கும். இரவு 9.57-க்கு நிலாவில் நிழல் விழத் தொடங்கியது. 11 மணியிலிருந்து 12.20 வரைக்கும் முழுசா மறைந்து செம்பு நிறத்தில் தெரிந்தது. 1.26-க்கு விட்டது. அதற்கு முந்தைய வாரம் நடந்த கூட்டத்தில், கர்ப்பிணிப் பெண்கள் அந்த நேரத்தில் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருட்டு அறையில் இருக்க வேண்டியதில்லை என்று நாங்கள் சொன்னோம். பாதிப் பேர் தலையாட்டினார்கள். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர், ஏழு மாதக் கர்ப்பிணி மருமகளை வீட்டில் வைத்திருப்பவர், நேராகவே கேட்டுவிட்டார்: "நீங்க படிச்சவங்க, ஆயிரம் சொல்லுவீங்க மேடம். நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஊரு என்னையத்தான கேக்கும்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் உடனே பதில் இல்லை. பயம் என்பது அவர் ஒருவருடையது இல்லை, ஊரே சேர்ந்து அவர் தலையில் வைத்தது. அன்றைக்கு நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் பிள்ளையைப் பட்டினி மட்டும் போடாதீங்கம்மா. தண்ணி கேட்டா குடுங்க."

அடுத்த மாதக்கூட்டத்துக்கு அவர் வந்தபோது கையில் மகன் வாங்கிக்கொடுத்த டச் போன். அதில் பதினேழு படங்கள். மருமகளை வெளியே விடவில்லை. ஆனால் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். "நான் மட்டும் பாக்கணுமா அத்தை, நீங்க பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்று மருமகள் சொல்ல, இவர் மொட்டைமாடிக்குப் போய் அரைமணிக்கு ஒருதரம் படம் எடுத்து, கீழே இறங்கி வந்து அறைக்குள்ளே காட்டியிருக்கிறார். பதினேழு படத்தில் பன்னிரண்டு வெறும் வெள்ளைப் புள்ளி. மூன்று, கை ஆடி மண்புழு மாதிரி நெளிந்திருந்தது. இரண்டு படம்தான் உருப்படி. அந்த இரண்டில் ஒன்றில் நிலாவை நிழல் கடித்த ஓரம் வளைவாகத் தெரிந்தது. கூட்டத்தில் அந்தப் போன் கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வந்தது. அன்றைக்குக் கடன் திருப்பிச் செலுத்தும் பேச்சு ஆரம்பிக்கவே அரைமணி தாமதம். எங்களுக்கு அது வருத்தமாக இல்லை.

"நல்லா எடுக்க என்ன செய்யணும்?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். அதற்கான விளக்கம்தான் இது.

நிலா ஏன் வெள்ளைத் தட்டாக விழுகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதன் மேல் விழுவது சூரிய வெளிச்சம். அதாவது அங்கே இருப்பது பகல் வெயிலில் காயும் பாறை. ஆனால் நாம் கேமராவைத் தூக்கும்போது படத்தில் முக்கால்வாசி கறுப்பு வானம். போன் அதைப் பார்த்து "ஐயோ, ரொம்ப இருட்டாக இருக்கிறதே" என்று தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நிலா வெளுத்துப் போய்விடுகிறது.

இதற்கு வழி சுலபம். கேமராவைத் திறந்து, திரையில் நிலா தெரிகிற இடத்தில் விரலால் ஒருமுறை தொடுங்கள். பக்கத்தில் சின்னச் சூரியன் படம் போட்ட கோடு வரும். அதைக் கீழ்நோக்கி இழுங்கள். இழுக்க இழுக்க வானம் இன்னும் கறுக்கும், நிலாவில் திட்டுத்திட்டாக அடையாளம் தெரிய ஆரம்பிக்கும். பாட்டி வடை சுடுவதாகச் சொல்வோமே, அந்தத் திட்டுகள்தான். அவை முன்காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த சமவெளிகள்.

இன்னொன்று. பௌர்ணமி அன்றுதான் நிலா அழகு என்று எல்லோரும் அன்றைக்கே எடுக்கிறோம். படத்துக்கு அது சரியான நாள் இல்லை. அன்றைக்கு வெயில் நேரே விழுவதால் அங்கே நிழலே இருக்காது. உச்சிவெயிலில் களத்துமேட்டைப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியுமா? சாயங்கால வெயிலில் பார்த்தால் சின்னக் கட்டிகூட நீளமாக நிழல் போடும். அதுபோல வளர்பிறை சப்தமி, அஷ்டமி சமயத்தில் பாதி நிலாவின் ஓரத்தில் பள்ளங்கள் நன்றாகத் தெரியும். பைனாகுலர் கிடைத்தால், கண் வைக்கிற இடத்தில் போனின் கேமராக் கண்ணை ஒட்டினாற்போல் வைத்து எடுத்துப் பாருங்கள். முதலில் கறுப்பாகத்தான் இருக்கும். மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்த வேண்டும். நாங்கள் நாற்பது நிமிடம் போராடி ஒரு படம் எடுத்தோம். அந்தப் பள்ளங்களைப் பார்த்த ஒரு உறுப்பினரின் மகள், எட்டாம் வகுப்பு, அதைப் பள்ளி நோட்டில் ஒட்டியிருக்கிறாள்.

நட்சத்திரத்துக்குக் கணக்கு வேறு

நிலாவுக்கு வெளிச்சத்தைக் குறைக்கணும் என்றோம். நட்சத்திரத்துக்கு நேர்மாறு. கோடையில் தெருக்குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும்போது என்ன செய்வோம்? குடத்தை வைத்துவிட்டுக் காத்திருப்போம். கேமராவும் அப்படித்தான். நட்சத்திரத்திலிருந்து வருகிற வெளிச்சம் சொட்டுச் சொட்டுதான். சாதாரணமாகப் பகலில் கேமரா தன் கண்ணை ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்தான் திறக்கிறது. நட்சத்திரம் பதிவாக வேண்டுமானால் பத்துப் பதினைந்து நொடி திறந்தே இருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் குடம் ஆடக் கூடாது.

ஆகவே கையில் பிடித்து எடுக்கவே முடியாது. இதற்கென்று முக்காலி ஸ்டாண்டு விற்கிறது. வாங்கச் சொல்ல மாட்டோம். ஒரு பழைய தலையணை உறையில் மூன்று படி மணல் போட்டுக் கட்டுங்கள். அதன் மேல் போனை அழுத்தி வைத்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்து நிற்கும். எங்கள் அனுபவத்தில் கவிழ்த்த அண்டா, அம்மிக்கல், கயிற்றுக்கட்டில் எல்லாவற்றையும்விட மணல் மூட்டைதான் சிறந்தது. கயிற்றுக்கட்டில் வேண்டவே வேண்டாம், யாராவது மூச்சு விட்டாலே ஆடுகிறது.

படம் எடுக்கிற பொத்தானைத் தொட்டாலே போன் லேசாக அசையும். அதற்குத்தான் டைமர் என்று ஒன்று இருக்கிறது. 3 நொடி அல்லது 10 நொடி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஆட்டம் அடங்கின பிறகு தானே எடுத்துக்கொள்ளும்.

போனில் 'நைட்' என்று ஒரு வழி இருந்தால் அதையே போடுங்கள். ஸ்டாண்டில் இருப்பதை உணர்ந்து சில போன்கள் தாமாகவே நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். 'ப்ரோ' என்று இருந்தால் இன்னும் நல்லது. அதில் மூன்று இடம் பார்த்தால் போதும். எஸ் என்று இருப்பது கண் திறந்திருக்கும் நேரம். 15 நொடி வையுங்கள். ஐ.எஸ்.ஓ. என்பது வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுவது. 800 அல்லது 1600 வையுங்கள், அதற்கு மேல் போனால் படம் முழுக்க ரவை கொட்டினது போல் புள்ளி வரும். கடைசியாகத் தூரம்: ஒரு கோடியில் பூப்படமும் மறு கோடியில் மலைப்படமும் இருக்கும். மலைப் பக்கம் முழுசாகத் தள்ளிவிடுங்கள். ஃபிளாஷ் கட்டாயம் அணைக்க வேண்டும். அதை அணைக்காமல் முதல்நாள் நாங்கள் எடுத்த படத்தில் விழுந்தது, எதிரே பறந்த ஈசல் மட்டும்.

15 நொடிக்கு மேல் ஏன் வேண்டாம் என்றால், பூமி சுற்றுகிறது. ஒரு நாளில் 360 பாகை, ஒரு மணி நேரத்தில் 15 பாகை. வானத்தில் நிலா தன் அகலத்தின் அளவு மேற்கே நகர இரண்டு நிமிஷம்தான் ஆகிறது. கேமராக் கண் ரொம்ப நேரம் திறந்திருந்தால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாக விழும். வேண்டுமென்றே அப்படிக் கோடாக எடுக்கிறவர்களும் உண்டு. அந்தக் காலத்து ஃபிலிம் கேமராவில் 'பி' என்று ஒரு எழுத்து இருக்குமே, அதில் வைத்து அழுத்திப் பிடித்தால் விடும்வரை திறந்தே இருக்கும். வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். பட்டன் போனில் மட்டும் முயற்சி வேண்டாம், வீண்.

எங்கே, எப்போது?

நமக்கு ஒரு பாக்கியம், மேற்கே மலை. ஆனால் ராஜபாளையம் பக்கம் ஒரு வெளிச்சம், சிவகாசிப் பக்கம் ஒரு வெளிச்சம், நடுவிலே ஆலை விளக்கு. தெருவில் இப்போது போட்டிருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு திருட்டுப் பயத்துக்கு நல்லதுதான், நட்சத்திரத்துக்கு ஆகாது. ஊர் விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியோ சுவரோ மறைக்கிற மாதிரி மாடியில் நின்றாலே நிறையத் தெரியும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் பிடிக்கும். நடுவில் போன் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டால் கண் கெடாது.

அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லவை. சதுரகிரிக்கு அமாவாசைக்கு மலையேறியவர்களைக் கேளுங்கள், அங்கே வானம் எப்படி இருந்தது என்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம். ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து சாரல் மேகம். தை, மாசி, பங்குனிதான் நமக்குச் சுத்தமான வானம். பனி இறங்கும், போன் கண்ணாடியை அடிக்கடி துடைக்கணும்.

தை, மாசியில் ராத்திரி எட்டு மணிக்கு உச்சந்தலைக்கு நேரே அண்ணாந்து பார்த்தால் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும். அதற்கு ஒரு பக்கம் லேசாகச் சிவந்து தெரிவது திருவாதிரை. கொஞ்சம் மேற்கே ரோகிணி. அதற்கும் மேற்கே சின்னக் கொத்தாகத் தெரிவது கார்த்திகை. ஜாதகத்தில் மட்டும் கேட்ட பெயர்கள் எல்லாம் வானத்தில் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. கார்த்திகை மாதப் பௌர்ணமி நிலா அந்தக் கார்த்திகைக் கொத்துக்குப் பக்கத்தில் வரும், மார்கழிப் பௌர்ணமி நிலா திருவாதிரைப் பக்கம் வரும். மாதத்துக்கும் திருநாளுக்கும் பெயர் வந்த கதை அதுதான். நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையிலே, விடியலில் வெள்ளிக் கோள் எழுவதும் வியாழன் மறைவதும் ஒரு பாட்டில் வருகிறது. அந்தப் பெண் அதிகாலை வானத்தைப் பார்த்திருக்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

அதே தை, மாசியில் தெற்கே தாழப் பளிச்சென்று தெரிவது அகத்தியர் நட்சத்திரம். இரவு வானத்தில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அது. இங்கிலாந்திலே இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நாம் தெற்கே இருப்பதால் நமக்குத் தெரிகிறது. வடக்கே துருவ நட்சத்திரத்தின் கதை வேறு. கையை நேராக நீட்டி ஒரு முஷ்டி பிடித்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் நம்ம ஊரில் அது தரையிலிருந்து மேலே இருக்கும். ஏனென்றால் நம் ஊர் நில நடுக்கோட்டிலிருந்து ஒன்பதரைப் பாகை வடக்கே இருக்கிறது, துருவ நட்சத்திரமும் ஏறக்குறைய அதே அளவுதான் உயரும். ஒரு பனைமரம் மறைத்தாலே போச்சு. அருந்ததி பார்க்க வேண்டுமானால் சித்திரை, வைகாசியில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைத் தேடுங்கள். வால் பகுதியில் நடு நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு மங்கலாக ஒன்று நிற்கும். கல்யாணத்தில் பட்டப்பகலில் பார்த்தோம் பார்த்தோம் என்று தலையாட்டிய நம்மில் எத்தனை பேர் நிஜமாகப் பார்த்திருக்கிறோம்?

பால்வீதி பார்க்கிறவர்கள் மாசி, பங்குனியில் விடிகாலை நாலு, நாலரைக்குத் தென்கிழக்கே பார்க்கலாம். பட்டாசு வேலைக்கு வேன் வரும் முன்னே சோறு வடிக்க எழுகிற நேரம்தான் அது. வாசல் தெளிக்கும் முன் ஒரு நிமிடம்.

கொடைக்கானலில் ஒரு பெண்

படம் எடுப்பதால் என்ன லாபம் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1988 பிப்ரவரி 17-ந் தேதி எடுத்த படத்தில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து, கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். குறுங்கோளைக் கண்டுபிடிக்கிற முறையில் பெரிய மந்திரம் இல்லை. வானத்தின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறார்கள். எல்லாப் புள்ளியும் நிற்க, ஒன்று மட்டும் நகர்ந்திருந்தால் அது நட்சத்திரம் இல்லை.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே 1907 முதல் 1923 வரை வாழ்ந்தவர் மேரி எவர்ஷெட் என்ற அம்மா. ஆய்வக வேலைக்கு வந்தது அவருடைய கணவர் ஜான் எவர்ஷெட். அவர்தான் பிறகு இயக்குநராகவும் இருந்தார். இந்த அம்மாவோ கல்யாணத்துக்கு முன்பே, ஆஸ்திரேலியாவில் இருந்த காலத்தில் தெற்கு வானத்தைப் பார்த்துப் பழகி, அந்த நட்சத்திரங்களை அடையாளம் காண ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதியவர். கொடைக்கானலில் சூரியனின் ஓரத்தில் எழும் தீக்கொழுந்துகளின் படங்களைக் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்து, 1917-ல் இருவர் பேரிலும் ஆய்வறிக்கை வந்தது. வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு, கணவன் பேரில் இருக்கிற நிலத்திலும் பாடுபடுகிற நமக்கு, அறிக்கையில் இருவர் பேரும் இருந்தது என்பது சின்ன விஷயமாகத் தோன்றாது.

சில எச்சரிக்கைகள்

சூரியனை ஒருபோதும் போனிலோ பைனாகுலரிலோ நேராகப் பார்க்கவோ எடுக்கவோ வேண்டாம். 2019 டிசம்பர் 26-ல் திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் வளையமாகத் தெரிந்த சூரிய கிரகணத்தை அதற்கென்று செய்த கண்ணாடி போட்டுத்தான் பார்த்தார்கள். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ் எல்லாம் போதாது. கண் போனால் வராது. சந்திர கிரகணம் அப்படியில்லை. அது நிலாவின் மேல் நம்ம பூமியின் நிழல் விழுவது, அவ்வளவுதான். வெறுங்கண்ணால் பார்க்கலாம், குழந்தைகளும் பார்க்கலாம், கர்ப்பிணிகளும் பார்க்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கு அதனால் எதுவும் வராது. மணிக்கணக்கில் பசியும் தாகமுமாக இருந்தால்தான் மயக்கம் வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் கேடு. நிலா ஏன் சிவக்கிறது என்றால், பூமியைச் சுற்றியுள்ள காற்றின் வழியாக வளைந்து போகிற வெளிச்சம் சிவப்பு. சாயங்காலச் சூரியன் சிவக்கிற அதே காரணம்.

தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராவது போங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, மூடாத கிணறு, வரப்பில் பாம்பு எல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. நட்சத்திரம் காட்டும் செயலி என்று போனில் இறக்கும்போது பணம் கேட்டாலோ, ஆதார் கேட்டாலோ, உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டாலோ உடனே அழித்துவிடுங்கள். கடன் செயலிகளில் மாட்டி நம் உறுப்பினர்கள் பட்ட பாடு போதும். ஸ்டெல்லேரியம் என்ற செயலியில் இலவசமாகக் கிடைப்பதே நமக்குத் தாராளம். புதுப் போன் வாங்க உள்கடன் கேட்டு யாரும் வர வேண்டாம் என்றும் இப்போதே சொல்லி வைக்கிறோம்.

அந்த மருமகளுக்கு மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. மாமியார் எங்களிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்து 2028 டிசம்பர் 31 இரவு பத்து மணி வாக்கில் ஒரு முழு சந்திர கிரகணம் நம்ம ஊரில் தெரியும் என்றோம். "அப்ப புள்ளைக்கு மூணு வயசு இருக்கும், தூங்க மாட்டாளே" என்றார்.

வருகிற தை மாதக் கூட்டத்துக்கு அவரவர் எடுத்த படத்தைக் கொண்டு வாருங்கள். புள்ளியாக விழுந்தது, புழுவாக நெளிந்தது எதுவானாலும் பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி மங்கிவிடும், போனையே கொண்டு வாருங்கள். மறக்காமல் சார்ஜ் போட்டுக்கொண்டு.